விடுபட்ட எட்டு மாதங்கள்

அத்தியாயம் பதினொன்று

நினைவுப் புத்தகம் மெலிந்துதான் வந்து சேர்ந்தது.

புன்சோங் தாத்தா கண்மூடிய மறுநாளே பேத்தி வாசனா கால்வாய்க்கரை ஊர்களில் ஏறி இறங்கத் தொடங்கினாள். தாத்தாவைத் தெரிந்தவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வாங்கினாள். தகனத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க, அதையெல்லாம் அச்சிட்டுக் கொண்டுவரும் பொறுப்பை அம்மாவின் அண்ணனான மாமா விச்சித் தானாகவே ஏற்றுக்கொண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். கேட்காமலே ஒருவர் தோள் கொடுக்கிறார் என்றால் நாம் நன்றி சொல்கிறோம். ஏன் என்று கேட்பதில்லை.

இன்று தகனம். விகாரையின் சமையல்கட்டில் வாசனா புத்தகத்தை மூன்றாம் தடவையாகப் புரட்டினாள்.

"அம்மா, தவீ தாத்தா சொன்னது எங்கே?"

லம்யாய் பெரிய பாத்திரத்தில் தேங்காய்ப்பால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். புன்சோங்கின் மகள். கணவனை இழந்தவள். கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் சோற்றுக்கடை வைத்து மகளை வளர்த்ததோடு அப்பாவையும் கடைசிவரை கவனித்தவள்.

"நல்லாப் பாரு. ஒட்டிக்கிட்டிருக்கும்."

"ஒண்ணும் ஒட்டல. அந்தப் பக்கத்துல இப்போ சர்க்கரை வியாதிக்காரங்க என்ன சாப்பிடலாம்னு போட்டிருக்கு."

பக்கத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த புவா அக்கா நிமிர்ந்தாள். "உங்க தாத்தாவுக்குச் சர்க்கரையே கிடையாதேடி! காப்பியில மூணு கரண்டி போட்டுட்டு, நாலாவதையும் ஒரு பார்வை பாப்பாரே."

பெண்கள் சிரித்தார்கள். வாசனாவுக்கும் உதடு துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"நீ சொன்னது இருக்கு புவா அக்கா. தட்டுக் கதை."

"இருக்குதா? படி, படி."

"'புன்சோங் ஐயா எந்த விசேஷத்துக்கு வந்தாலும் தன் தட்டைத் துணிப்பையில் கொண்டுவருவார். நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டு. சாப்பிட்டுவிட்டு அவரே கழுவி எடுத்துப் போவார். கழுவுகிற பெண்களுக்கு ஒரு தட்டு குறையட்டுமே என்பார்.'"

புவா அக்கா கத்தியைக் கீழே வைத்து முந்தானைத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா அதைப் பாத்தாரு. பாத்ததோட சரி."

மறுபடியும் சிரிப்பு. லம்யாய் மட்டும் கரண்டியை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

"தவீ தாத்தா சொன்னது மட்டுமா இல்ல?"

"பாங் ப்லூ ஊர்க்காரங்க சொன்னது ஒண்ணுமே இல்லம்மா. மதகு இல்ல. பூட்டு இல்ல. ஜெயில் இல்ல. தாத்தாவோட வாழ்க்கையில எட்டு மாசத்தைக் காணோம்."

*

கால்வாயைத் தெரிந்த எல்லோருக்கும் அந்த எட்டு மாதமும் தெரியும்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், மழை பொய்த்த ஓர் ஆண்டில், மேல்மடை நிலக்காரர்கள் மதகை இறக்கிப் பூட்டுப் போட்டார்கள். கீழே பாங் ப்லூவில் கதிர் பொதிகட்டும் நேரம். வயல் வெடித்துக் கிடந்தது. புன்சோங்கின் நிலம் மேல்மடையில்தான் இருந்தது. அவருடைய வயலில் தண்ணீர் நின்றது. பூட்டு அவருக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது. அந்தப் பூட்டை அவரே உடைத்தார்.

சாகிறதற்கு முந்தைய வாரம் அவர் வாசனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்னைப் பத்திப் பேசுறப்போ அதை விட்டுடாதேம்மா. மத்ததெல்லாம் எல்லாரும் செய்யறதுதான்."

வாசனா தலையசைத்திருந்தாள். அவ்வளவுதான் வாக்கு. வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை.

*

மாமா விச்சித் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டையில் பந்தலைச் சுற்றி வந்தார். நகராட்சித் தலைவர் தேர்தல் அடுத்த மாதம்; அதில் அவர் வேட்பாளர். முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா."

"வாம்மா. உன்னைத்தான் தேடினேன்." ஒரு தடித்த அட்டையை நீட்டினார். "வாழ்க்கைக் குறிப்பு. தீ மூட்டுறதுக்கு முன்னாடி நீதான் வாசிக்கணும். சந்தையில மைக்குல பேசுறவ, நம்ம வீட்டுல உன்னை விட்டா யாரு?"

வாசனா நின்றபடியே வாசித்தாள். பிறப்பு, பள்ளி, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். 'அதன் பிறகு நெல் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து அரும்பணி ஆற்றினார்.'

"'அதன் பிறகு'ன்னா எதன் பிறகு மாமா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னிக்குத் தீ மூட்ட யாரைக் கூப்பிட்டிருக்கேன் தெரியுமா? அரிசி ஆலை முதலாளி மானோப்பை. அந்த மதகுக்குப் பூட்டு வாங்கிப் போட்டது அவரோட அப்பா. அவரை முன்னால உக்கார வெச்சுக்கிட்டு அதைப் பேசச் சொல்றியா?"

"அவரைக் கூப்பிடச் சொன்னது யாரு?"

"முதல் தீயைப் பெரிய மனுஷங்க வைக்கறதுதானே வழக்கம்? ஊருல பெரிய மனுஷன் அவருதான். என் பின்னால நிக்கிறதும் அவருதான்."

"தாத்தா பின்னால பாங் ப்லூவே நின்னுச்சே மாமா."

விச்சித்தின் முகம் மாறியது. அடுத்து அவர் பேசியபோது வேட்பாளரின் குரல் இல்லை.

"உனக்கு என்ன தெரியும்? எனக்கு அப்போ பத்து வயசு. பள்ளிக்கூடத்துல 'ஜெயில்காரன் மகன் வர்றான், சோத்து டப்பாவை மூடு'ம்பாங்க. எங்கம்மா அடுத்த வீட்டுத் துணி துவைச்சா. நான் ஒரு வருஷம் படிப்பை விட்டேன். அவரு பாங் ப்லூவுக்குத் தண்ணி விட்டாரு. எங்க வீட்டு அடுப்பு எரியுதான்னு யாராவது பாத்தாங்களா?"

மாமாவின் கோபத்தில் பொய் இல்லை என்பது வாசனாவுக்குத் தெரிந்தது. உண்மையை மறைக்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. சிலர் காயத்தைத்தான் மூடுகிறார்கள்.

"அதையும் சொல்லலாமே மாமா. நீங்க பட்டதையும் சேர்த்தே சொல்லலாம்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். அட்டையில இருக்கறதை வாசி. மீறி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, கடை இருக்கிற இடம் யார் பேர்ல இருக்குன்னு உங்கம்மாவைக் கேட்டுக்கோ."

சமையல்கட்டுக்குத் திரும்பி வந்து வாசனா அதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள். லம்யாய் குழம்பை ருசி பார்த்தாள். உப்புப் போட்டாள். மறுபடியும் ருசி பார்த்தாள்.

"இடம் அண்ணன் பேர்லதான் இருக்கு."

"அப்போ என்னம்மா பண்றது?"

"எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். அது எங்க நின்னாலும் வடியும்." கரண்டியைத் தட்டி வைத்தாள். "அப்பாகிட்ட தலையாட்டினது நீ. நான் இல்ல. நீயே முடிவு பண்ணு."

*

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பாங் ப்லூ வந்தது.

ஆமாம், ஊரே வந்தது. நெல் ஏற்றும் லாரிகளில், பின்பக்கம் நின்றுகொண்டு, கறுப்புச் சட்டை கிடைக்காதவர்கள் கருநீலத்தில். ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு மூட்டை அரிசி கொண்டுவந்திருந்தது. வெள்ளை உறை போட்ட நாற்காலிகளில் யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. மரத்தடியில் பாய் விரித்துக்கொண்டார்கள்.

தவீ தாத்தாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். எண்பத்திரண்டு வயது. பல் இல்லை. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"என்னடி வாசனா, என் பக்கத்தைப் படிச்சுக் காட்டு. கண்ணாடி கொண்டு வரல."

வாசனா தயங்கினாள். "தாத்தா, உங்க பக்கம் வரல."

"வரலையா?"

"அதுக்குப் பதிலா சர்க்கரை வியாதிக் குறிப்பு இருக்கு."

கிழவர் பாயில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, "எனக்குச் சர்க்கரை இருக்குது. அதையாவது படி, கேப்போம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண் ஈரமாகியிருந்தது.

அந்த ஈரத்தைப் பார்த்தபோதுதான் வாசனா முடிவு செய்தாள்.

*

பெட்டியைத் தகனக்கூடத்தைச் சுற்றி மூன்று முறை கொண்டுவந்து மேலே ஏற்றினார்கள். பிக்குகளுக்குக் காவியாடை வழங்கினார்கள். ஆலை மானோப் முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் விச்சித்.

வாசனா ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்று அட்டையைப் பிரித்தாள். குரல் தெளிவாக இருந்தது. பிறப்பு, பள்ளி, கல்யாணம், பிள்ளைகள்.

"'அதன் பிறகு...'"

நிறுத்தினாள். அட்டையை மடித்தாள்.

"இந்த இடத்துல எட்டு மாசம் விட்டுப்போச்சு. அச்சுக்காரங்க தப்பு இல்ல. எங்க வீட்டுல விட்டது. அந்த எட்டு மாசம் என் தாத்தா ஜெயில்ல இருந்தாரு."

பந்தலில் விசிறிகள் நின்றன.

"எதுக்குப் போனாருன்னு சொல்லாம அவரைத் தீயில வெச்சா, பாதி மனுஷனைத்தான் அனுப்பின மாதிரி. அவரு வெக்கப்படாத விஷயத்துக்கு நான் வெக்கப்பட மாட்டேன்."

விச்சித் கையை அசைத்தார். ஒலிபெருக்கிக்காரன் ஒரு கணம் வாசனாவைப் பார்த்தான், ஒரு கணம் விச்சித்தைப் பார்த்தான், பொத்தானை அமுக்கினான். சத்தம் நின்றது.

ஆனால் வாசனா நித்தமும் சந்தையில் கூவுகிறவள். மின்சாரம் போனால் சந்தை நின்றுவிடுமா என்ன? மூச்சை இழுத்துக்கொண்டாள். அடுத்த வார்த்தை மரத்தடி வரை போனது.

"பாங் ப்லூக்காரங்க யாராவது நினைவு வெச்சிருந்தா எழுந்து சொல்லுங்க!"

தவீ தாத்தா எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"பட்டப்பகல்ல உடைச்சான். நான்தான் கூடப் போனேன். 'ராத்திரி வரலாம்டா'ன்னேன். 'தண்ணி என்ன திருட்டுச் சாமானா, ராத்திரி வர'ன்னான். கடப்பாரையால மூணே போடு. மதகைத் தூக்கி விட்டுட்டு ஓடிப்போகலை. அதுமேலயே உக்காந்து, பையிலருந்து தட்டை எடுத்து, கட்டிட்டு வந்த சோத்தைச் சாப்பிட்டான். போலீஸ் வந்துச்சு. 'கொஞ்சம் இருங்க, தட்டைக் கழுவிட்டு வந்துடறேன்'னான். எந்தத் தண்ணில கழுவினான் தெரியுமா? எங்க ஊருக்கு ஓடிட்டிருந்த தண்ணில."

ஒரு நடுவயதுப் பெண் எழுந்தாள். "அந்த வருஷம் எங்க வீட்டுல நாங்க அஞ்சு பேரு. அந்த விளைச்சல் இல்லேன்னா என் தங்கச்சிய யாருக்காவது கொடுத்துடறதா இருந்தாங்க. தங்கச்சி இதோ உக்காந்திருக்கா."

இன்னொருவர் எழுந்தார். "ஜெயில்லருந்து வந்தப்புறம் எங்கப்பா நன்றி சொல்லப் போனாரு. 'எதுக்கு? தண்ணி கீழே போறது அதோட வழக்கம்'னு சொல்லி அனுப்பிட்டாரு."

ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். புத்தகத்தில் இருந்து எடுத்த பக்கங்கள் எல்லாம் மரத்தடியில் எழுந்து நின்று பேசின. வெள்ளை நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

கடைசியில் வாசனா சொன்னாள்: "அந்த எட்டு மாசம் தாத்தா மட்டும் தண்டனை அனுபவிக்கல. என் பாட்டி ஊர்த் துணி துவைச்சாங்க. என் மாமா பத்து வயசுல படிப்பை விட்டாரு. அதையும் யாரும் மறக்கக் கூடாது."

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். மானோப்பின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

ஆலை மானோப் மெதுவாக எழுந்தார். வெற்றுக் கையைப் பிசைந்துகொண்டு தலைமைப் பிக்குவிடம் போனார். "சுவாமி, நான் தீ வைக்கலாமா? வேற யாராவது...?"

தலைமைப் பிக்கு அவரைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர். "தீக்கு உங்கப்பா யாருன்னு தெரியாது. போய் வைங்க."

மானோப் படியேறினார். சந்தன மரச் சீவலில் செய்த பூவைத் தீயோடு பெட்டியடியில் வைத்தார். வணங்கிய கையை இறக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பயப்பட வேண்டியவர் என்று விச்சித் நினைத்த மனிதர், பயமுறுத்த வரவே இல்லை.

பிறகு ஊரே வரிசையில் ஏறிப் பூ வைத்தது. பெற்ற மகனைத் தவிர.

*

வெயில் சாயும் நேரத்தில் லம்யாயும் வாசனாவும் பாலத்தருகே வந்தார்கள். கடைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

பாங் ப்லூ லாரிகளும் பின்னாலேயே வந்து நின்றன. இளைஞர்கள் நாலைந்து பேர் குதித்து இறங்கினார்கள்.

"அத்தை, கடப்பாரை இருக்கா?"

லம்யாய் பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழு நாளாக அழுத முகம். திடீரென்று அதில் ஒரு சிரிப்பு எழுந்தது.

"வேணாம்பா. அப்பா உடைச்சது ஊர்த் தண்ணியைப் பூட்டின பூட்டு. இது எங்க அண்ணனோட மனசுல தொங்கற பூட்டு. இதைக் கடப்பாரையால தொட்டா நசுங்கத்தான் செய்யும், திறக்காது."

"அப்போ ராத்திரிச் சாப்பாடு?"

"பூட்டு கதவுக்குத்தானே? அடுப்புக்கு யாரு பூட்டுப் போட முடியும்?" அவள் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "புவா! உன் அடுப்பைக் கொண்டு வா!"

அடுப்பு வந்தது. விகாரையிலிருந்து பாத்திரங்கள் வந்தன. பூட்டிய கதவுக்கு நேர் முன்னால், தெருவோரத்தில், பாங் ப்லூ அரிசி கொதித்தது. வழியே போனவர்கள் நின்றார்கள். நின்றவர்களுக்கெல்லாம் லம்யாய் இலையில் சோறு வைத்தாள். பூட்டைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொல்லவில்லை.

எல்லோரும் சாப்பிட்ட பின், துணிப்பையிலிருந்து நீல விளிம்புத் தட்டை எடுத்தாள். அதில் சோறும் குழம்பும் வைத்து மூடினாள்.

"இதை மாமா வீட்டுக்குக் கொண்டு போ."

"எதுக்கும்மா? நம்ம கதவைப் பூட்டினவருக்கா?"

"சொல்றேன், கேளு. அப்பா ஜெயிலுக்குப் போன வருஷம் அறுவடை முடிஞ்சதும் பாங் ப்லூக்காரங்க படகுல அரிசி கொண்டு வந்தாங்க. வீட்டுல எல்லாரும் சாப்பிட்டோம். எனக்கு ஆறு வயசு, எனக்கென்ன தெரியும்? அண்ணன் மட்டும் தொடலை. 'எங்கப்பாவை வித்து வாங்கின அரிசி'ன்னான். பட்டினியா படுத்தான். அன்னியிலருந்து இன்னிவரை அந்த ஊர் அரிசியை அவன் வாயில வெச்சதில்ல." லம்யாய் தட்டை மகள் கையில் வைத்தாள். "யாரும் அவனை ரெண்டாவது தடவை கூப்பிடலைம்மா. அதான் தப்பு."

*

மாமா வீட்டு வாசலில் விளக்குப் போடவில்லை. வாசனா கதவைத் தட்டினாள். வெகுநேரம் கழித்து அவரே திறந்தார்.

காலையில் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. வலது கையில் சந்தனச் சீவல் பூ. அப்பாவின் நெருப்பில் வைக்க வேண்டிய பூ. பிடித்துப் பிடித்து அதன் இதழ்கள் கசங்கியிருந்தன.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்ல மாமா. நான் பேசினது ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்ல. நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்." வாசனா தட்டை நீட்டினாள். "சோறு கொண்டு வந்தேன்."

அவர் தட்டைப் பார்த்தார். நீல விளிம்பைப் பார்த்தார்.

"நான் எழுந்து வந்தப்புறம்... என்னைப் பத்தி ஏதோ சொன்னியாமே."

"நீங்க படிப்பை விட்டதைச் சொன்னேன். அந்தத் தண்டனை உங்களுக்கும்தான்னு சொன்னேன்."

விச்சித் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் பாங் ப்லூ லாரி ஒன்று மெதுவாகக் கடந்து போனது. அதன் வெளிச்சம் அவர் முகத்தில் பட்டு நகர்ந்தது.

"இது எந்த அரிசி?"

பொய் சொல்லியிருந்தால் அவர் அப்போதே வாங்கியிருப்பார். வாசனாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"பாங் ப்லூ அரிசி, மாமா."

அவர் கை நீளவில்லை. வாசனாவும் தட்டைப் பின்னால் இழுக்கவில்லை. நாளைக் காலை சாம்பலில் எலும்பு பொறுக்க முதலில் குனிய வேண்டியவர் மகன்தான். அந்தப் பூவைக் கீழே வைத்தால்தான் அவர் கை எதையும் வாங்க முடியும்.

பூவைக் கீழே வைக்கவில்லை அவர்.

கதவையும் சாத்தவில்லை.